'ஸ்வீட் ஹோம் அலபாமா': மூன்று கார்டும் ஒரு பதிலும்

டி, சி, ஜி. லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் குழுவின் இந்தப் பாட்டில் பெரும்பாலும் இந்த மூன்று கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) சுற்றிச் சுற்றி வரும். கிதார் பழகுபவர்கள் இதில்தான் முதலில் கை வைப்பார்கள், இரண்டாவது சுற்றிலேயே தடுக்கியும் விழுவார்கள். டி-க்கு 2 அடி (தாள எண்ணிக்கை), சி-க்கு 2 அடி, ஜி-க்கு மட்டும் முழுசாக 4 அடி. ஜி-யை இரண்டோடு விட்டுவிட்டு டி-க்கு ஓடினால் டிரம்மர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 அடியில் வைத்து, வாய்விட்டு எண்ணிப் பழகுங்கள். அசல் வேகம் 100-ஐ ஒட்டி.

மோதிர விரலை 2-ஆம் கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டில் (கிதார் கழுத்தின் கட்டம்; 1-ஆம் கம்பிதான் மிக மெல்லியது) வைத்தால் கடைசிவரை எடுக்கவே வேண்டாம். டி-யில் ஆள்காட்டி விரல் 3-ஆம் கம்பி, 2-ஆம் ஃபிரெட். பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) 4-ஆம் கம்பியை இரண்டு தட்டு, பிறகு மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக. சி-யில் நடுவிரல் 5-ஆம் கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டுக்குப் போகும். ஜி-யில் அதே ஃபிரெட்டில் 6-ஆம் கம்பிக்கு. சி-க்கு மாறும்போது 3-ஆம் கம்பியிலிருந்து விரலை எடுக்க மறந்தால் கார்டு கலங்கிவிடும். மொத்தமாக வாரி அடிக்காதீர்கள், அப்புறம் ரிஃப்பே (திரும்பத் திரும்ப வரும் கிதார் மெட்டு) காணாமல் போகும். தடித்த கம்பிகளை மட்டும் உள்ளங்கை ஓரத்தால் லேசாக அமுக்குங்கள்.

சோலோவுக்கு (தனி கிதார் வாசிப்பு) ஜி மேஜர் ஸ்கேல் (சுர வரிசை). டி மேஜர் ஸ்கேலின் சி ஷார்ப், சி கார்டின் மேல் விழுந்தால் பல் கூசும். பாட்டு டி-யிலா ஜி-யிலா என்பது தீராத வழக்கு, அதில் இறங்க வேண்டாம்.

மேடையில் பாடுவதானால் பின்னணியும் தெரிந்திருக்க வேண்டும். பாடகர் நீல் யங் 1970-இல் 'சதர்ன் மேன்', 1972-இல் 'அலபாமா' என்று அமெரிக்கத் தென் மாநிலங்களின் இனவெறியைச் சாடிப் பாடியிருந்தார். அதற்கான பதில்தான் இந்தப் பாட்டு. லினர்ட் ஸ்கினர்ட் குழு ஜார்ஜியாவின் டோராவில்லில் 1973-இல் பதிவு செய்து 1974-இல் வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது. வேடிக்கை என்னவென்றால், குழுவின் ஊர் அலபாமாவே இல்லை, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்.

ஆளுநர் பற்றிய வரி வரும் இடத்தில் கவனம். அந்த ஆளுநர், இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ். வரி முடிந்ததும் பின்னணிக் குரல்கள் 'பூ, பூ, பூ' (boo, ஆங்கிலத்தில் கேலிக் கூச்சல்) என்று கேலி செய்யும். பாடியவர்களில் மெர்ரி கிளேட்டனும் கிளைடி கிங்கும் உண்டு, இருவரும் கறுப்பினப் பாடகிகள். ஆள் இல்லை என்று அந்த மூன்று 'பூ'வை விட்டுவிட்டால் வரி வெறும் புகழ்ச்சியாகிவிடும். வேறு யாரும் கிடைக்காவிட்டால் பேஸ் கிதார் வாசிப்பவராவது மைக்கில் சொல்லட்டும்.