சூதாட்டப் பழக்கம் என்று நீதிமன்றத்தில் சொல்வதற்கு முன்

மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். "எங்கட பிள்ளைக்கு ஒன்லைன் பெட்டிங் வருத்தம், அதைச் சொன்னா ஜெயில் வராதுதானே?" என்று கேட்டு வரும் தாய்மாருக்கு என் பதில் ஒன்றுதான். அது மட்டும் போதாது அம்மா.

வேலை செய்த இடத்துக் காசை எடுத்தால் வருவது பெரும்பாலும் நம்பிக்கை மோசடி வழக்கு. மாதக்கணக்கில் போலிப் பற்றுச்சீட்டு எழுதியிருந்தால், "ஆசை ஆட்டிப்படைத்தது" என்ற கதை அங்கே எடுபடுவது கஷ்டம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் குரோசி வழக்கில் இதைத்தான் சொன்னது: திட்டமிட்டு நீண்ட காலம் செய்த குற்றத்துக்குச் சூதாட்ட அடிமைத்தனம் தண்டனையைப் பெரிதாகக் குறைக்காது. அவுஸ்திரேலியத் தீர்ப்பு எங்கட நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் அதில் உள்ள நியாயத்தை எதிர்த்தரப்பு எப்படியும் எடுத்து வைக்கும்.

சரி, பிறகு என்ன செய்யலாம்? முதலில் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது; 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியல் அது. எப்போது வந்தார், என்ன சிகிச்சை, ஒழுங்காக வருகிறாரா என்று வைத்தியர் எழுதித் தந்தால் நல்லது. வழக்குத் தவணைக்கு முதல் நாள் எடுத்த கடிதத்தின் பெறுமதியைத் திகதியே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது காசு. எடுத்ததில் முடிந்ததைத் திருப்பிக் கட்டுங்கள், அதுவும் சட்டத்தரணி மூலம், எழுத்தில். கையில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பிறகு நிரூபிக்க அலைவார்கள். அதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்றாகிவிடும். வங்கி அட்டையை மனைவியிடமோ தாயிடமோ கொடுத்துவிட்டு, அதற்குப் பிந்தைய கணக்கு அறிக்கையை எடுத்து வையுங்கள். பெட்டிங் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் கண்டதில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்வதா இல்லையா என்பதைச் சட்டத்தரணியுடன் பேசி முடிவெடுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, சிறைத்தண்டனையை ஒத்திவைக்கலாமா, அதாவது தண்டனை விதித்தும் உடனே சிறைக்கு அனுப்பாமல் விடலாமா என்று பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் முன்னைய நடத்தை, ஏற்பட்ட இழப்பு, குற்றத்தை ஒப்புக்கொண்டு உண்மையாக மனம் வருந்தியது ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட தண்டனையை ஒத்திவைக்க முடியாது. தொகை பெரிதென்றால் இதை வீட்டாருக்கு முதலே சொல்லி வையுங்கள்.

ஒத்திவைத்துக் கிடைத்தாலும், அந்தக் காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையையும் அனுபவிக்க வேண்டி வரலாம். ஆகவே வழக்கு முடிந்தது என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.