பனியன் கம்பெனியில் கூலி கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

திருப்பூரில் கூலி உயர்வு கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "ஷிப்டுக்கு இருபது ரூபா ஏத்திக் குடுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெரிய நஷ்டம் அதில் இல்லை. எட்டு மணி நேர ஷிப்டைத் தாண்டி பன்னிரண்டு மணி நேரம் ஓட்டும் ஒன்றரை ஷிப்டில் இருக்கிறது.

துணி ஓரத்தை அடித்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லருக்கு ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலை, மணிக்கு 60. இரவு வரை ஓட்டி ஒன்றரை ஷிப்ட் முடித்தால் கையில் வருவது 720. ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்கு கூலி என்பது சட்டம். அந்த நான்கு மணி நேரத்துக்கு 120 வீதம் 480, ஆக 960 வர வேண்டும். ஒரே நாளில் 240 ரூபாய் போகிறது. வாரத்தில் நான்கு நாள் இப்படி என்றால் 960, முழுதாக இரண்டு நாள் கூலி. கெஞ்சிக் கேட்ட அந்த இருபது ரூபாய் உயர்வு இதே வாரத்தில் தருவது வெறும் 160.

ஆகவே முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நான்கு வாரத்துக்குத் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், என்ன வேலை, சனிக்கிழமை கையில் வந்த தொகை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். தைத்த துணிக்கு இத்தனை என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்காரர்கள் பீஸ் எண்ணிக்கையோடு சும்மா உட்கார்ந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். வெட்டிய துணி (கட்டிங்) வராமல், மிஷின் ரிப்பேராகிப் போகிற நேரம்தான் பீஸ் ரேட்டைத் தின்கிறது. பீஸ் ரேட்டில் உழைத்தாலும், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அந்தக் கூலியில் அடிப்படையும், விலைவாசிக்கு ஏற்ப மாறும் பஞ்சப்படியும் சேர்ந்திருக்கும். பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும் என்பதால், போன வருடப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டால் புதிய பட்டியலோடு, முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் போட்ட ஒப்பந்த ரேட்டும் கிடைக்கும்.

"பி.எஃப். வேண்டாம்னா கையில கூட வரும்" என்ற பேச்சு வந்தால் நிதானியுங்கள். பி.எஃப். என்பது வருங்கால வைப்பு நிதி. 26 நாளுக்கு 12,480 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் பிடிக்கும் 12 சதவீதம் ஏறக்குறைய 1,498. அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். வேண்டாம் என்றால் கம்பெனி போடும் அந்த 1,498 உங்களுக்கு இல்லை. கம்பெனியின் பங்கையும் உங்கள் கூலியிலேயே பிடிக்கும் இடங்களும் உண்டு. அது சட்ட விரோதம். அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் ஏறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான்.

அட்வான்ஸ் பாக்கி இருக்கும்போது கூலி பேச உட்கார வேண்டாம். "முதல்ல அதைக் கழி" என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்.

சூப்பர்வைசருக்கு ரேட் போடும் அதிகாரம் கிடையாது. அவரிடம் தெரியப்படுத்திவிட்டு, மேனேஜரையோ முதலாளியையோ பாருங்கள். சனிக்கிழமை சம்பள வரிசையில் கேட்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. காசு எண்ணிக்கொண்டிருப்பவர் காதில் எதுவும் ஏறாது. வாரத்தின் நடுவில், ஆர்டர் கையில் இருக்கும்போது போங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் பேசுவது இன்னும் நல்லது, போனவர்கள் திரும்பி வருவார்களா என்ற கவலை முதலாளிக்கு இருக்கும் நேரம் அது.

தனியாகப் போகாமல், ஒரே வேலை செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். ஒடிசா, பீகார் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போனால், "அவங்க இதே கூலிக்கு ஓட்டறாங்களே" என்பதுதான் முதல் பதிலாக வரும். அதே வேலைக்குப் பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பதும் சட்டப்படி செல்லாது, அதையும் அப்போதே கேளுங்கள்.

பேச்சு சின்னதாக இருக்கட்டும்: "சார், நாலு வாரக் கணக்கு எழுதி வச்சிருக்கோமுங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டறதுக்கும் அதே மணிக் கூலிதான் வருதுங்க. டபுள் வரணுமுங்க, எப்ப இருந்து போடுவீங்கன்னு சொல்லுங்க." பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். பதில் வருவதற்குள் நீங்களே தொகையைக் குறைத்துவிடாதீர்கள். மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் ஒரேயடியாக மணிக்கு 120க்கு வராது, 80 என்று இறங்கி வரலாம். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் "முழுக் கூலியும் பெற்றேன்" என்ற வவுச்சரிலோ வெற்று வவுச்சரிலோ கையெழுத்து வேண்டாம். ஒப்புக்கொண்ட ரேட்டை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அவர் "ஓகே" போட்டாலும் சாட்சிதான்.

காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவர்களுக்கு அவர் கூலி தராமல் போனால், வேலை கொடுத்த கம்பெனியே தர வேண்டும். அதனால் எந்தக் கம்பெனி பீஸ் என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

பேசியும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. நோட்டு, அடையாள அட்டை, கூலிச் சீட்டு அல்லது வங்கி வரவு, வாட்ஸ்அப் படங்கள், கூட வேலை செய்த இருவரின் பெயர் வேண்டும். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் கோரிக்கைக்கு ஆறு மாதக் கெடு. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அது மூன்று ஆண்டு. அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் அதற்குள் வேறு கம்பெனிக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பார்.