430 அடி என்றால் பந்து எங்கே விழுந்தது?

பாம்பன் கரையில் சாயங்காலம் கிரிக்கெட் ஆடும்போது, தூக்கி அடித்த பந்து மணலில் ஏற்றி வைத்திருக்கும் வல்லத்துப் பலகையில் டொக்கென்று பட்டு அங்கேயே விழும், உடனே சண்டை ஆரம்பிக்கும்: வல்லம் மட்டும் இல்லையென்றால் எவ்வளவு தூரம் போயிருக்கும்? பேஸ்பால் வீடியோவில் ஹோம் ரன்னுக்கு, அதாவது நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடிக்கு, கீழே போடும் தூரக் கணக்கு இந்தச் சண்டைக்கான பதில்தான்.

அதாவது 430 அடி என்றால் பந்து 430 அடியில் விழுந்தது என்று அர்த்தமில்லை. அது கேலரியில் யார் கைக்காவது போயிருக்கும். தடையே இல்லாமல் தரைமட்டம்வரை பறந்திருந்தால் மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து எத்தனை அடியில் இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள், உருளுவது சேராது. மீட்டரில் 131. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகான எம்.எல்.பி. மைதானங்களில் 2015 முதல் ஸ்டேட்காஸ்ட் என்ற அளவீட்டு அமைப்பு இதை அளக்கிறது. 2020 முதல் அதில் ஹாக்-ஐ கேமராக்கள், நாம் எல்பிடபிள்யூவுக்குப் பார்க்கும் அதே ஹாக்-ஐ.

தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்திலேயே எக்ஸிட் வெலாசிட்டி, லாஞ்ச் ஆங்கிள் என்று இரண்டு இருக்கும், அதாவது மட்டையை விட்டுக் கிளம்பிய வேகமும் கோணமும். மணிக்கு 100 மைல் வேகத்தில் 25 முதல் 30 டிகிரிக்குள் கிளம்பினால் சுமார் 400 அடி வரும். அதே வேகம், 10 டிகிரி என்றால் சீக்கிரமே தரையைத் தொட்டுவிடும். 60 டிகிரி என்றால் வானத்துக்குப் போய்க் கேட்ச்தான்.

அப்புறம் காற்று. கச்சான் காற்று முதுகில் தள்ளினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 5 மைல் காற்று பின்னாலிருந்து வீசினாலே 400 அடி பந்துக்கு 15, 20 அடி கூடும். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,600 மீட்டர், அங்கே காற்று அடர்த்தி குறைவு, அதனால் அங்கே வரும் தூரத்தைக் கொஞ்சம் கழித்தே பாருங்கள். ஈரக்காற்று கனமானது, பந்தை இழுக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு, அதே வெப்பத்தில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசு.

பழைய கணக்குகளை நான் நம்புவதில்லை. 1953இல் வாஷிங்டனில் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் அடித்தது 565 அடி என்பார்கள், ஆனால் அது மைதானத்துக்கு வெளியே பந்தை எடுத்த பையன் காட்டிய இடம்வரை போட்ட கணக்கு. பந்து எடுக்கப் போன பையன் காட்டும் இடத்தைப் பாம்பனில் ஒருநாளும் நாங்கள் ஒத்துக்கொண்டதில்லை.