பள்ளிவாசல் சுவரில் உப்பு பூக்கிறதா? பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

எங்கள் கடலோரப் பள்ளிவாசலில் ஹவுலை (தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டி) ஒட்டிய சுவர் இரண்டு வருடமாக உதிர்ந்துகொண்டே இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை மாவு. "கொத்திட்டு சிமிண்டு பூசிரலாம்" என்று ஜமாஅத்தில் பேச்சு வந்தது. காரணம் தெரியாமல் கை வைக்க வேண்டாம் என்று ஒரு மாதம் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு மாதத்தில் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

கெய்ரோவில் 1356-ல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசல் சுண்ணாம்புக்கல் கட்டடம். அந்த மாதிரி நகரங்களில் வண்டிப்புகையிலுள்ள கந்தகம் கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றி, மழை படாத இடங்களில் கறுப்பாகப் படிய வைக்கும். நம் மாவட்டத்துப் பழைய பள்ளிகளிலும் தர்காக்களிலும் பெரும்பாலும் கருங்கல்லும் அதன்மேல் சுண்ணாம்புக் காரையும்தான். ஆனால் சுண்ணாம்புக்கல், காரை இரண்டுமே அடிப்படையில் கால்சியம் கார்பனேட். ஓதத்தோடு (சுவரில் ஏறும் ஈரம்) வரும் உப்பு, நுண்துளைகளுக்குள் படிகமாகி இரண்டையும் உள்ளிருந்தே உடைக்கிறது. அதனால் சோதனை முறையும் ஒன்றுதான்.

படி 1: அனுமதி, படம். ஜமாஅத்திடம் சொல்லிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறை அனுமதியில்லாமல் ஒரு துகள்கூட எடுக்கக் கூடாது. இஷா (இரவுத் தொழுகை) முடிந்தபின் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் தெரியாத கொப்புளமும் செதிலும் நிழலோடு எழுந்து நிற்கும். ஸ்கேல் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள்.

படி 2: ஓதக்கோடு. தரையிலிருந்து ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று மீட்டருக்கு ஒரு முறை அளந்து, சுவரின் படத்தைத் தாளில் வரைந்து குறியுங்கள். இதற்குப் பென்சிலும் கட்டத்தாளும்தான் என் தேர்வு. ஊசி வைத்துக் குத்தும் ஈரமானி வாங்காதீர்கள். சுவரில் உப்பு இருந்தாலே அது ஈரம் அதிகம் என்று காட்டிவிடும்.

படி 3: உப்பா, சுண்ணாம்பா? நான் தவறியது இங்கேதான்.

வெள்ளைப் பொடியை மெல்லிய தூரிகையால் தாளில் தட்டி எடுங்கள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் அடியில் தங்கி, வினிகர் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. வினிகரோ அமிலமோ எடுத்த பொடியில் மட்டும், சுவரில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அடுத்து குளோரைடு, அதாவது சமையல் உப்பில் இருப்பது. கலக்கிய நீரை வடிகட்டி, இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் அப்புறம் சில்வர் நைட்ரேட்டும் விட வேண்டும். வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு இருக்கிறது. அமிலம் சேர்க்காவிட்டால் கரைந்திருக்கும் கார்பனேட்டும் வெண்மையாகப் படிந்து குழப்பும். கையுறை, கண்ணாடி கட்டாயம். தெரிந்த கல்லூரி ஆய்வகம் இருந்தால் அங்கேயே செய்வது நல்லது.

எனக்கு ஹவுல் பக்கத்துப் பொடி பால் திரிந்த மாதிரி ஆனது. எதிர்பார்த்ததுதான். ஆனால் உலர்ந்த உள்சுவரின் பொடியும் அப்படியே திரிந்தது! கட்டடம் முழுக்க உப்பு என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் வெறும் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன், அதுவும் திரிந்தது. நான் பயன்படுத்தியது கிணற்றுத் தண்ணீர். கடலோரக் கிணற்றில் உப்பு இல்லாமல் இருக்குமா?

ஆகவே காய்ச்சி வடித்த நீர் மட்டும். ஒவ்வொரு முறையும் பொடி போடாத வெறும் நீர்க் குப்பி ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். அது தெளிவாக நின்றால்தான் மற்றதை நம்பலாம்.

படி 4: எங்கிருந்து வருகிறது? கீழே அதிகம், மேலே குறைவு என்றால் தரையிலிருந்து ஏறுகிறது. கடலைப் பார்த்த முகத்தில் உயரத்திலும் இருந்தால் காற்று கொண்டுவருகிறது. எங்களுக்கு இடுப்பளவோடு நின்றது. வெளியே சுவர் வரை சிமிண்டு போட்ட நடைபாதை. மண்ணிலிருந்த ஈரம் ஆவியாக வழியில்லாமல் சுவரில் ஏறியிருக்கிறது.

படி 5: சரிசெய்தல். முதலில் தண்ணீரின் வழியை மாற்றுங்கள். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக்கூழை அப்பி, காய்ந்ததும் எடுத்தால் அது உப்பை இழுத்திருக்கும். எடுத்த கூழையும் சோதித்து, திரிவது குறையும்வரை திரும்பச் செய்யுங்கள். பூச்சு சுண்ணாம்புக் காரையாகவே இருக்கட்டும். சிமிண்டு ஈரத்தை உள்ளே பூட்டி இன்னும் மேலே ஏற்றும்.

பின்சேர்க்கை: குளச்சலிலிருந்து ஒருவர், "ஜூனில் போய்ப் பார்த்தேன், வெள்ளையே இல்லை, சரியாகிவிட்டதா?" என்று கேட்டிருந்தார். இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து சுவருக்குள் போய்விடும். காற்று உலர்ந்ததும் மறுபடி பூக்கும். இப்படி மாறிமாறி நடப்பதுதான் காரையை உடைக்கிறது. பிப்ரவரியில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை பாருங்கள். தேதியோடு ஈரப்பதத்தையும் எழுதிவையுங்கள்.

எங்கள் நடைபாதையில் சுவரோரம் ஒரு முழ அகலம் உடைத்து, சரளை கொட்டி ஓடை விட்டாயிற்று. காகிதக்கூழ் வேலை தை பிறந்ததும் தொடங்கும்.