தகராறான தேர்தல் முடிவைக் கணக்குப் பார்ப்பது எப்படி: கென்யப் படிவங்களோடு ஒரு பயிற்சி

வன்னியில் தேர்தல் முகவராகப் போகிறவர்களுக்கும், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கும், முடிவு வரும் இரவில் கைப்பேசியோடு விழித்திருக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. "கள்ள வாக்குப் போட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு எழும்போது அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சொந்தத் தேர்தலை வைத்துப் பழகினால் கட்சிச் சண்டை முந்திக்கொள்ளும். அதனால் கென்யாவை எடுப்போம். அங்கே சமூகங்கள் பல, பெரும்பான்மை எவருக்கும் இல்லை, தகராறுகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன, கணக்கும் வெளியில் கிடக்கிறது.

சனசமூக நிலையத்தில் எட்டுப் பேர் கூடினால் போதும். அச்சிட்ட படிவங்கள், அடிமட்டம், கல்குலேட்டர், கோடு போட்ட பெரிய தாள், இரண்டு நிறப் பேனை, இவ்வளவுதான் தேவை. கணினி வேண்டாம். எக்செல் தானாகக் கூட்டித் தந்தால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பது கண்ணில் படாது.

முதலில் தாள் போகும் வழி

எந்த நாட்டுத் தகராறாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வாக்கு எண்ணப்பட்ட இடத்தில் எழுதிய தாள் எது, அது எத்தனை கை மாறியது? கென்யாவில் வாக்கெடுப்பு நிலையத்திலேயே எண்ணி படிவம் 34ஏ நிரப்புகிறார்கள். ஒரு நிலையத்தில் 700 வாக்காளருக்கு மேல் இல்லை. அந்தத் தாள்களைத் தொகுதியில் கூட்டினால் 34பி. தொகுதிகள் 290. எல்லாவற்றையும் நைரோபியில் கூட்டினால் 34சி. ஆக, தாளில் இருந்து தாளுக்கு எண்ணைப் பார்த்து எழுதும் இடங்கள் இரண்டு. தவறும் திருட்டும் பெரும்பாலும் அந்த இரண்டு மூட்டுகளில்தான் நுழையும்.

2007 டிசம்பர் 27 தேர்தலில் இந்த மூட்டுகள் இருட்டில் இருந்தன. மோலோ தொகுதியில் அப்போதைய சனாதிபதி முவாய் கிபாக்கிக்கு 50,145 வாக்கு என்று ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் அங்கேயே குறித்துக்கொண்டார்கள். நைரோபியில் அதே தொகுதிக்கு 75,261 என்று வாசித்தார்கள். டிசம்பர் 30 மாலை, எதிரணியின் ரைலா ஒடிங்காவைக் கிபாக்கி வென்றதாக முடிவை அறிவித்து, அன்றைக்கே அவரின் பதவிப்பிரமாணமும் நடந்தது. அதற்குப் பிறகு நடந்த வன்முறையில் 1,100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்த வன்னிச் சனத்துக்கு இடம்பெயர்வு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பின்னர் விசாரித்த கிரிக்லர் ஆணைக்குழு, உண்மையில் வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் கணக்குக் கெட்டுப்போயிருந்தது என்றது. இரு தரப்பின் கோட்டைகளிலும் நம்பமுடியாத வாக்களிப்பு வீதம் இருந்ததையும் அது சொன்னது. ஒரு பக்கத்தை மட்டும் கள்ளர் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு 34ஏ தாளை வாசித்தல்

2022 ஆகஸ்ட் 9 தேர்தலில் கென்யத் தேர்தல் ஆணைக்குழு 46,000க்கு மேற்பட்ட நிலையங்களின் 34ஏ படங்களை எல்லாரும் பார்க்க இணையத்தில் போட்டது. ஒரு தொகுதிக்குச் சராசரி 160 தாள் வரும். எட்டுப் பேருக்குத் தலைக்கு இருபது. முதல் நாள் இருபது தாளை மட்டும் எல்லாரும் சேர்ந்து பாருங்கள்.

தாளில் பார்க்க வேண்டியவை: நிலையத்தின் பெயரும் குறியீடும், பதிவுசெய்த வாக்காளர் தொகை, நிராகரித்த வாக்கு, செல்லுபடியான வாக்கு, வேட்பாளர் ஒவ்வொருவரின் எண், அதிகாரியின் கையெழுத்து, முகவர்களின் கையெழுத்து. வேட்பாளர்களின் எண்களைக் கூட்டினால் செல்லுபடியான தொகை வரவேண்டும். செல்லுபடியும் நிராகரித்ததும் சேர்ந்து பதிவுத் தொகையைத் தாண்டக்கூடாது. முகவர் கையெழுத்து இல்லாததை வைத்து மட்டும் மோசடி என்று எழுதாதீர்கள். முகவர் வராமல் இருந்திருக்கலாம், சாப்பிடப் போயிருக்கலாம், கோபத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கலாம். கையெழுத்துப் போட மறுத்ததற்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத வேண்டும். "முந்நூற்று எண்பத்தொன்று" என்று வாசிக்காமல் "மூன்று, எட்டு, ஒன்று" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். மங்கிய படத்தில் 1ஐ 7 ஆகவும், 4ஐ 9 ஆகவும், 0ஐ 6 ஆகவும் கண் எடுத்துக்கொள்ளும். தெளிவில்லாத எண்ணுக்குக் கேள்விக்குறி போட்டுத் தனி நிரலில் ஒதுக்குங்கள். ஊகித்து நிரப்பினால், நீங்கள் ஆதரிக்கும் ஆளுக்குச் சாதகமாகவே உங்கள் கை போகும். அடுத்த சோடி, முதல் சோடியின் தாளைப் பாராமல் திரும்ப வாசித்து மற்ற நிறப் பேனையால் எழுதட்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தை மட்டும் எல்லாரும் சேர்ந்து பாருங்கள்.

பிழையா, திருட்டா

34ஏயில் 381, 34பியில் 318 என்று இருந்தால் வித்தியாசம் 63. அதை 9ஆல் வகுத்தால் மீதியில்லை. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். கடைசியில் ஒரு பூச்சியம் கூடிப்போனாலும் வகுபடும். கணக்காளர் பழைய காலத்திலிருந்து பிடித்து வரும் சோதனை இது. மோலோவுக்குப் போட்டுப் பாருங்கள். 75,261இல் 50,145 போனால் 25,116. இலக்கங்களைக் கூட்டினால் 15. ஒன்பதால் வகுபடாது. ஆகவே இலக்கம் தடுமாறிய பிழை என்று அதைச் சாதிக்க முடியாது. வகுபட்டால் திருட்டே இல்லை என்றும் பொருள் கொள்ளாதீர்கள். எந்தத் திசையில் தேடலாம் என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்லும்.

இன்னொரு பொதுப் பிழை, வரி தவறுவது. ஒரு வேட்பாளரின் எண் கீழ் வரிக்கு இறங்கிவிடும். அப்போது ஒருவருக்குக் குறைந்த அளவே மற்றவருக்குக் கூடியிருக்கும், தாளின் மொத்தம் மாறாது.

கண்டுபிடித்த வித்தியாசங்களை எல்லாம் ஒரே தாளில் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதுங்கள். களைத்துப்போன மனிதர் விடும் பிழை இரு பக்கமும் சிதறும். நாற்பது வித்தியாசத்தில் முப்பத்தெட்டு ஒரே ஆளுக்குக் கூடியிருந்தால் அப்போது குரல் எழுப்புங்கள்.

அடுத்தது அளவு. 2022இல் வில்லியம் ரூட்டோவுக்கு 7,176,141, ரைலா ஒடிங்காவுக்கு 6,942,930. இடைவெளி 233,211. ஆனால் கென்யாவில் முதல் சுற்றிலேயே வெல்ல பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். 47 மாவட்டங்களில் 24இலாவது கால்வாசி வாக்கும் வேண்டும். செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ ஒரு கோடி 42 இலட்சம். பாதிக்கு மேல் ரூட்டோ எடுத்தது சுமார் 70,000 மட்டும். எனவே உண்மையான விளிம்பு 233,211 அல்ல. ரூட்டோவின் வாக்கை மற்றவருக்கு மாற்றி எழுதினால் 70,000 போதும், அவர் பாதிக்குக் கீழே போய் இரண்டாம் சுற்று வந்திருக்கும். போலி வாக்கென்று கழித்து எறிவதானால் சுமார் 139,000 தேவை. ஒரு முறைப்பாட்டைக் கேட்டவுடன், எத்தனை வாக்கைப் பற்றிய பேச்சு, அது மாற்றியதா சேர்த்ததா, எந்த விளிம்போடு ஒப்பிட வேண்டும் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தேர்தலிலேயே உதாரணம் இருக்கிறது. ஆணைக்குழுவின் ஏழு பேரில் நான்கு பேர் முடிவை ஏற்கவில்லை. நான்கு வேட்பாளர்களின் வீதத்தைக் கூட்டினால் 100.01 வருகிறது, அந்த மேலதிக 0.01 வீதம் சுமார் 142,000 வாக்கு, அது முடிவையே மாற்றும் என்றார்கள். கல்குலேட்டரை எடுங்கள். 50.49, 48.85, 0.44, 0.23 சேர்ந்தால் 100.01 சரிதான். ஒவ்வொன்றையும் இரண்டு தசம தானத்துக்கு மட்டம் தட்டியதால் வந்த மிச்சம் அது. ஒரு கோடி 42 இலட்சத்தில் 0.01 வீதம் 1,420 வாக்கு. 142,000 என்றால் ஒரு வீதம். இரண்டு பூச்சியம் கூடிய அந்தத் தொகை, மேலே சொன்ன 139,000ஐத் தாண்டி நிற்பதைக் கவனியுங்கள். உண்மையாக இருந்திருந்தால் தேர்தலே புரண்டிருக்கும். நாடு பதறியிருந்த நேரத்தில் இப்படியொரு எண்ணைப் பொறுப்பில் உள்ளவர்கள் வாயால் சொன்னது மிகப் பாரதூரமான காரியம். வீதத்தை ஒருபோதும் கூட்டிப் பார்க்காதீர்கள், வாக்கைக் கூட்டுங்கள்.

உயர் நீதிமன்றம் 2022 செப்டம்பர் 5இல் அந்த முடிவை ஏகமனதாக உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் 2017 செப்டம்பர் 1இல், அப்போதைய சனாதிபதி உஹுரு கென்யாட்டா 54 வீதம் பெற்றிருந்தும், நாலுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தேர்தலை ரத்துச் செய்திருந்தது. 2017இல் தாள்கள் ஒழுங்காக வந்து சேரவில்லை, கணினியைத் திறந்து காட்டும்படி இட்ட கட்டளையையும் ஆணைக்குழு நிறைவேற்றவில்லை. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பெரிய இடைவெளி இருந்தும் தேர்தல் விழுந்தது, சிறிய இடைவெளியில் நின்றது.

சமூகக் கணக்கை எப்படிப் போடுவது

"கிகுயுக்கள் இவருக்கு, லுவோக்கள் அவருக்கு" என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது சுலபம். கிகுயு சமூகம் கென்யாவின் மிகப் பெரியது, ஆனாலும் சனத்தொகையில் ஆறில் ஒன்றுதான். அதற்குப் பிறகு லுஹ்யா, கலென்ஜின், லுவோ, கம்பா. யாரும் தனியே வெல்ல முடியாது, கூட்டு வேண்டும். 2007இல் கலென்ஜின் தலைவரான ரூட்டோ ஒடிங்காவோடு நின்றார். ரிஃப்ட் பள்ளத்தாக்குப் பகுதியில் கிபாக்கியின் சமூகமான கிகுயுக்களும் கலென்ஜின்களும் மோதினார்கள். 2013இல் ரூட்டோவும் கென்யாட்டாவும் ஒரே அணி. 2022இல் பதவியில் இருந்த கென்யாட்டா ஒடிங்காவை ஆதரித்தும், கிகுயுப் பகுதியின் பெரும்பாலான வாக்கு ரூட்டோவுக்கே போனது. பதினைந்து வருடத்தில் மூன்று வேறு கூட்டு. தலைவர் எந்த அணியில் நின்றார் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒரு வரி எழுதிவிட்டு, அதன் கீழேதான் வாக்கை எழுதுங்கள்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். 2024 செப்டம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் ஒருவர் நின்றும், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் முதலாம் இடம் சஜித் பிரேமதாசவுக்கு. எட்டு வாரத்துக்குள், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், அதே மாவட்டத்தின் 6 ஆசனத்தில் 2 தேசிய மக்கள் சக்திக்கு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் வாழும் மாவட்டத்தில் மொத்த எண்ணைப் பார்த்து, எந்தச் சமூகம் யாருக்குப் போட்டது என்று சொல்ல முடியாது. சொல்கிறவர்களிடம் எந்த நிலையத்தின் கணக்கு என்று கேளுங்கள்.

புறக்கணிப்பு நடந்த தேர்தலைத் தனியாக வையுங்கள். 2017 ஒக்டோபர் 26 மறுதேர்தலில் ஒடிங்கா விலகினார், லுவோ மாவட்டங்களில் வாக்களிப்பே நடக்கவில்லை, கென்யாட்டாவுக்கு 98 வீதம் வந்தது. 2005 சனாதிபதித் தேர்தலில் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதும் வென்ற இடைவெளி சுமார் 180,000. இப்படியான முடிவில் வீதத்தின் பக்கத்தில் பதிவுத் தொகையையும் எழுதாவிட்டால் கணக்குப் பொய் சொல்லும்.

இங்கே முகவராக நின்றால்

எங்கள் தாள் வழி வேறு. சனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தல்களில் நிலையத்திலேயே எண்ணுவதில்லை. பெட்டி எண்ணும் நிலையத்துக்குப் போகிறது. வெளிவரும் முடிவும் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்ற தொகுதி மட்டத்தில், தபால் வாக்குத் தனியாக. கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் தேர்தலுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் சேர்கிறது. இதைக் கவனியாமல் "வன்னி முழுவதும்" என்று கூட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் வருகிறார்கள்.

கென்யரின் 34ஏக்கு இங்கே மிகக் கிட்டியது வாக்குச்சீட்டுக் கணக்கு. வாக்கெடுப்பு முடிந்ததும் தலைமை தாங்கும் அலுவலர் அதை நிரப்புவார். கிடைத்த சீட்டு, வழங்கியது, பழுதானது, மிஞ்சியது என்ற நாலையும் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். பின்னைய மூன்றும் சேர்ந்து முதலாவதுக்குச் சமனாக வேண்டும். பெட்டி இலக்கம், முத்திரை இலக்கம், மூடிய நேரம், பெட்டி வாகனத்தில் ஏறிய நேரம் ஆகியவற்றையும் குறியுங்கள். முகவரும் தன் முத்திரையை இடலாம், இடுங்கள். எண்ணும் நிலையத்தில் நிற்கும் உங்கள் ஆளுக்கு அந்தக் குறிப்பு இரவிலேயே போய்ச் சேர வேண்டும். பெட்டி திறந்ததும் முதலில் சீட்டுகளை எண்ணி அந்தக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். ஆட்சேபம் இருந்தால் அந்த இடத்திலேயே, எழுத்தில். விடிந்த பிறகு ஊடகத்துக்குச் சொல்வது ஆட்சேபம் ஆகாது.

தபால் வாக்கு முடிவு முதலில் வரும். அதை வைத்து மாவட்டத்தை ஊகித்து வட்ஸ்அப்பில் போடாதீர்கள். 2007இல் ஆரம்பத்தில் ஒடிங்கா முன்னணியில் இருந்து பிறகு பின்தங்கியதே பலருக்கு மோசடிக்குச் சாட்சியாகத் தெரிந்தது. எந்தப் பகுதி முதலில் வந்தது என்பதைக் குறித்துவைக்காதவருக்கு உண்மையான மோசடியும் தாமதமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காலக்கெடுவும் தெரிந்திருக்க வேண்டும். கென்யாவில் முடிவு அறிவித்து 7 நாளுக்குள் மனு, மனு போட்டு 14 நாளுக்குள் தீர்ப்பு. இங்கே நாடாளுமன்றத் தேர்தல் மனுவுக்கு, முடிவு வர்த்தமானியில் வந்ததிலிருந்து 21 நாள். தீர்ப்பு எப்போது என்பது வேறு கதை: 1988 டிசம்பர் சனாதிபதித் தேர்தல் மனுவின் தீர்ப்பு 1992இல் வந்தது. அவ்வளவு காலம் நிற்கக்கூடிய குறிப்பாக எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனை. பக்கத்துக்கு இலக்கமிட்டு, தவறிய எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிடுங்கள். அன்றிரவே படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுங்கள். கொப்பியை மூன்றாமவர் வைத்திருக்கட்டும்.