நெல்லைச் சாலைகளில் காரின் முன்கண்ணாடியைப் பாதுகாக்கும் முறை

காரின் முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது என்பதால், கல் பட்டாலும் பக்கவாட்டுக் கண்ணாடியைப் போலப் பொடிப்பொடியாகக் கொட்டிவிடாமல், பட்ட இடத்தில் மட்டும் சிறு புள்ளியாகத் தெறித்து நிற்கிறது. அந்தப் புள்ளியை அப்படியே விட்டுவைக்கும்போதுதான் வெயிலும் சாலையின் அதிர்வும் சேர்ந்து அதை நீண்ட விரிசலாக வளர்க்கின்றன.

திருநெல்வேலிப் பகுதியில் முதலில் அஞ்ச வேண்டியது ஜல்லியும் எம்-சாண்ட் எனும் செயற்கை மணலும் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குத்தான். நாங்குநேரி, வள்ளியூர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையிலும், தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் நோக்கிப் போகும் சாலையிலும் இவற்றின் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் பயணம் முடிவது அரிது. தார்ப்பாய் போர்த்திய லாரிதானே என்று நெருங்கக் கூடாது. சாலையில் கிடக்கும் கற்களையும், பின்பக்க இரட்டை டயர்களின் இடுக்கில் சிக்கிய கற்களையும் தார்ப்பாயா தடுக்கும்? முன்னே போகும் லாரி ஒரு கம்பத்தைக் கடந்தபின் நம் கார் அதே கம்பத்தை அடைய மூன்று விநாடியாவது ஆக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 67 மீட்டர் இடைவெளியாகும். வேகமும் முக்கியம்: 60 கிலோமீட்டரில் செல்லும் காரைவிட 90 கிலோமீட்டரில் செல்லும் காரின் மீது, அந்தரத்தில் நிற்கும் அதே கல் இரண்டேகால் மடங்கு ஆற்றலுடன் மோதும். லாரியை முந்துவதானால் இடம் பார்த்துத் தயங்காமல் முந்திவிட வேண்டும். அதன் பக்கவாட்டிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதுதான் மோசமான வழக்கம்.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசியில் வெட்டவெளியில் நின்று கொதித்த கண்ணாடியின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதோ, ஏறியவுடன் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடியை நோக்கித் திருப்புவதோ, ஏற்கெனவே புள்ளி விழுந்த கண்ணாடியில் விரிசலை ஓடச் செய்யக்கூடும். கதவுகளைச் சற்றுத் திறந்துவைத்து வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, ஏசியை முதலில் கால்பக்கம் வைத்துப் படிப்படியாகக் கூட்டுவதே சரி. நிழல் தேடும்போது தென்னையின் அடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பணகுடிப் பக்கம் ஆடிக் காற்று வாரி இறைக்கும் மணல் கண்ணாடியில் படிந்திருக்கையில், நீர் தெளிக்காமல் வைப்பரை ஓடவிட்டால் அரைவட்டக் கீறல்கள் நிலைத்துவிடும். ஆயுத பூசைக்கு இட்ட சந்தனத்தையும் காய்ந்த துணியால் தேய்க்காமல், ஊறவைத்தே எடுக்க வேண்டும். குற்றாலத்தில் வைப்பரைப் பிடித்து இழுக்கும் குரங்குகளுக்கு, கண்ணில் படும் இடத்தில் தின்பண்டம் வைக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புள்ளி விழுந்துவிட்டால் தூசியும் ஈரமும் புகாதபடி உடனே ஒளிபுகும் டேப்பை ஒட்டி, கூடிய விரைவில் புள்ளியில் ரெசின் எனும் ஒளிபுகும் பிசினை நிரப்பும் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். விரிசல் நீண்டிருந்தாலோ, கண்ணாடியின் விளிம்பைத் தொட்டிருந்தாலோ, ஓட்டுநரின் பார்வைக்கு நேராக இருந்தாலோ மாற்றிவிடுவதே நல்லது. செலவைக் காப்பீட்டில் கோருமுன், அதனால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பறிபோகுமா என்று கேட்டறிந்து கணக்குப் பாருங்கள். புதுக் கண்ணாடி பொருத்தியபின், ஒட்டுப்பசை இறுகுவதற்குக் கடைக்காரர் சொல்லும் நேரம்வரை காரை எடுக்காதீர்கள். முதல் நாள் ஜன்னலைச் சிறிது இறக்கிவைத்துக் கதவை மெதுவாகச் சாத்துங்கள்.