பிஹெச் பேனாவை வைத்து எல்லாரும் செய்யும் தவறுகள்

தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை எண்ணாகக் காட்டும், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் பிஹெச் பேனாவைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போர் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறோம் இல்லையா, அங்கேயே ஆரம்பிக்கிறது பிரச்சினை. முனையில் உள்ள கண்ணாடிக் குமிழ் பெரும்பாலும் காய்ந்து போய்த்தான் வரும். 3 மோலார் செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சில மணி நேரம் ஊறிய பிறகுதான் அது காட்டும் எண்ணை நம்பலாம்.

கூடவே வரும் குட்டிப் பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் பொடி (கரைத்தால் இன்ன பிஹெச் என்று முன்பே தெரிந்த பொடி) அதுதான். காய்ச்சி வடித்த நீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு (பொதுவாக 250 மில்லி) கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் மொத்தமும் வீண். பிஹெச் 6.86 பஃபரில் மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்துவதும் போதாது, உங்கள் தண்ணீர் 8 பக்கம் இருக்கும் என்றால் 9.18-லும், அமிலப் பக்கம் என்றால் 4-லும் சரிபார்க்கணும். ஒவ்வொரு முறையும் குமிழை அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், துடைத்துத் தேய்க்க வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற பிஹெச் ஏறும், அதனால் ராத்திரி பிடித்து வைத்த வாளியில் காலையில் அளந்தால் கிடைப்பது வேறு எண். பாட்டிலை வாய்வரை நிரப்பி மூடி, சீக்கிரம் அளந்துவிடுங்கள். செடி நிறைந்த மீன் தொட்டியிலும் காலையை விட மாலையில் அதிகமாகக் காட்டும், ஒப்பிடுவதானால் தினமும் ஒரே நேரத்தில் அளக்கணும்.

ஆர்.ஓ. தண்ணீர் நேர் எதிர். உப்பு குறைவு என்பதால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே அதை இறக்கிவிடும், சுத்தமான நீர்கூடக் காற்றுபட வைத்திருந்தால் சுமார் 5.6-க்கு வந்துவிடும். மீட்டரும் நிலைகொள்ளாமல் ஆடும். இதைக் காட்டிப் பயமுறுத்தித்தான் சிலர் தண்ணீரைக் காரமாக்கும் ஆல்கலைன் மெஷினை விற்கிறார்கள், ஏமாற வேண்டாம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 900 காட்டுகிறது, அப்போ பிஹெச் அதிகம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இன்னொன்று, பிஹெச் 7-க்கும் 6-க்கும் நடுவில் உள்ளது அமிலத்தன்மையில் பத்து மடங்கு வித்தியாசம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் பிஹெச் வரம்பு 6.5 முதல் 8.5 வரை.

அளந்து முடித்ததும் பேனாவைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்காதீர்கள், குமிழ் கெட்டுவிடும். மூடியில் அந்தப் பொட்டாசியம் குளோரைடு கரைசலையே சில சொட்டு விடுங்கள். ஊறவைத்தும் புது பஃபரில் 6.86 சரியாக வந்து 4 மட்டும் வர மறுக்கிறதென்றால் குமிழின் ஆயுள் முடிந்தது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.